உங்கள் குரலுக்கு நன்றி, ஐயா
பாலம் கல்யாணசுந்தரம் அவர்களுக்கு ஓர் ஊர்ப்புற நூலகரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் ஊர்ப்புற நூலகராக வேலை பார்ப்பவள் நான். உங்களை நேரில் சந்தித்துப் பேசும் வாய்ப்பு இதுவரை அமையவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 12 அன்று, எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடுகிறோம். அவர் படத்துக்கு மாலை போட்டு, வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். மூத்த வாசகர் ஒருவர் நாலு வார்த்தை பேசுவார். அந்த நாளில் நான் மனத்துக்குள் நன்றி சொல்லும் நூலகர்கள் இருவர். ஒருவர் படத்தில் இருப்பவர். இன்னொருவர் நீங்கள்.

இதைக் கடிதமாக எழுதி உங்கள் முகவரிக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் இதில் நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. அது தெரிய வேண்டியவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். 'நான் எதற்கு லாயக்கு' என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பையனும் பெண்ணும் எங்கள் ஊரிலும் உண்டு, எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொடையில்தான் தொடங்குவார்கள். எனக்கு நீங்கள் முதலில் அறிமுகமானது உங்கள் குரல் வழியாக. இளமையில் உங்கள் குரல் மெலிந்து, கீச்சென்று இருந்தது. அதை நினைத்து நினைத்தே மனம் ஒடிந்து போயிருந்தீர்கள் என்று நீங்களே பல இடங்களில் சொல்லியிருக்கிறீர்கள். நம் ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளையின் குரல் அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து பதில் சொன்னால் பின் வரிசையில் சிரிப்பு எழும். கடையில் போய்ப் பொருள் கேட்டால் கடைக்காரர் அதே குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். கேலி செய்தவர்கள் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார்கள். கேட்டவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான்.

அந்த நிலையில்தான் 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணனிடம் போனீர்கள். 'துணிவே துணை' என்பதைத் தன் பத்திரிகையின் தாரக மந்திரமாக வைத்திருந்தவர். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தமிழ்நாடு முழுவதும் அடையாளம் கண்டுகொண்ட மனிதர். அவர் உங்களுக்கு மருத்துவரைப் பரிந்துரைக்கவில்லை, குரலுக்குப் பயிற்சியும் சொல்லவில்லை. நீ எப்படிப் பேசுகிறாய் என்பதைப் பற்றிக் கவலைப்படாதே, மற்றவர்கள் உன்னைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்று யோசி என்ற கருத்தைச் சொல்லி அனுப்பினார்.

ஐயா, அந்த அறிவுரையை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உன் குரல் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் பொய்யாகத் தேற்றவில்லை. குறை இருக்கட்டும், நீ உன் வேலையைப் பார் என்றார். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணை வெளியே திருப்பிவிட்டார். தாழ்வு மனப்பான்மை என்பது அடக்கம் என்று நாம் தவறாக நினைக்கிறோம். அடக்கமானவன் தன்னை மறந்திருப்பான். தாழ்வு மனப்பான்மை உள்ளவனுக்கோ இருபத்து நான்கு மணி நேரமும் தன் நினைவுதான்: நான் எப்படி நிற்கிறேன், எப்படி நடக்கிறேன், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள். பக்கத்தில் பசியோடு ஒருவர் நின்றாலும் அவன் கண்ணில் படாது. அதற்குத் தமிழ்வாணன் சொன்ன மருந்து, பக்கத்தில் நிற்பவரைப் பார் என்பது. நீங்கள் அந்த மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டீர்கள்.

அந்தச் சொல் விழுந்த மண்ணும் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. மேலக்கருவேலங்குளத்தில் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்து, தாயின் கையில் வளர்ந்தவர் நீங்கள். அந்தத் தாய் சொல்லிக் கொடுத்த மூன்று பாடங்களை நீங்கள் பேசாத மேடை இல்லை. எதிலும் பேராசை கூடாது. கையில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும். நாள்தோறும் ஓர் உயிருக்காவது நல்லது செய்ய வேண்டும். கணவரை இழந்து, பிள்ளையை ஆளாக்கப் பாடுபட்ட ஒரு கிராமத்துப் பெண், கொடுப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தார் என்பதை எங்கள் வாசகர் வட்டத்தில் சொல்லும்போதெல்லாம் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வசதி வந்த பிறகு கொடுக்கலாம் என்று அந்த அம்மா சொல்லவில்லை.

1962-ல் சீனப் போர் மூண்டது. நாட்டின் பாதுகாப்பு நிதிக்குக் கொடுங்கள் என்று தலைவர்கள் கேட்டார்கள். மாணவராக இருந்த நீங்கள் கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் கழற்றி, அப்போது முதலமைச்சராக இருந்த காமராசரிடம் கொடுத்தீர்கள். குரலை நினைத்துக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளையால் ஒரு முதலமைச்சர் முன்னால் போய் நிற்க முடிந்தது எப்படி? வாங்குவதற்காகப் போயிருந்தால் ஒருவேளை நா எழும்பாமல் போயிருக்கும். கொடுப்பதற்காகப் போகிறவனுக்குத் தன் குரலைப் பற்றிய நினைப்பு வராது. அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

பிறகு ஸ்ரீவைகுண்டம். குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்தீர்கள். அந்தக் கல்லூரியின் பெயரை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கும். பதினேழாம் நூற்றாண்டில் அதே ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசாத பிள்ளையாக இருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியில் கிடத்தினார்கள் என்றும், அங்கே பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்கிறோம். பின்னாளில் காசிக்குப் போனபோது அங்குள்ள மொழி தெரியாமல் நின்றார் என்றும், கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்றும் அந்த வரலாறு நீள்கிறது. பேச்சுக்காக ஏங்கிய ஒருவரின் பெயர் தாங்கிய கல்லூரியில், குரலுக்காக நொந்த ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தார். கல்லூரியில் நூலகமே அதிகம் பேசாத இடம். ஆனால் அந்த ஊரில் அதிகம் பேசப்பட்டவர் அதன் நூலகராகிவிட்டார்!

அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். மாதா மாதம் வந்த சம்பளத்தை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள். உங்கள் சாப்பாட்டுக்கும் துணிக்கும் வேறு சிறு வேலைகள் செய்தீர்கள். உணவகத்தில் பரிமாறும் வேலையும் பார்த்தீர்கள். பகலில் கல்லூரி நூலகர், வேலை முடிந்ததும் சர்வர். படித்த படிப்புக்கும் பார்த்த பதவிக்கும் இது குறைச்சல் என்று ஊர் சொல்லியிருக்கும். அந்தப் பேச்சு உங்களைத் தொடவில்லை என்றால், அந்தச் சுதந்திரத்தை உங்களுக்குத் தந்ததும் தமிழ்வாணன் சொன்ன சொல்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி ஒடுங்கியிருந்த இளைஞர், தான் செய்வது சரி என்று தெரிந்த பிறகு யார் என்ன சொன்னாலும் செய்கிறவராக மாறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பணி ஓய்வில் வந்த பணத்தையும் கொடுத்துவிட்டு, 'பாலம்' அமைப்பைத் தொடங்கினீர்கள். கொடுக்க மனம் இருப்பவரிடம் பெற்று, தேவைப்படுபவரிடம் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. 2023-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. அந்தப் பட்டியலில் சமூகப் பணி என்ற தலைப்பில் உங்கள் பெயரைப் பார்த்தபோது, ஒரு நூலகர் என்ற முறையில் எனக்கு உண்டான பெருமிதத்தை இங்கே எழுதி மாளாது.

ரங்கநாதனையும் உங்களையும் நான் சேர்த்தே நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. சீர்காழியில் 1892-ல் பிறந்த அவருக்குத் திக்குவாய் இருந்தது. அந்தத் திக்குவாயோடுதான் கணித ஆசிரியரானார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, சில வாரங்களிலேயே அந்தத் தனிமை பிடிக்காமல், பழைய ஆசிரியர் வேலையையே கொடுங்கள் என்று போய்க் கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலை உனக்குத்தான் என்று அனுப்பினார்கள். போனவர், நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன என்ற தெளிவோடு திரும்பி வந்தார். 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். இன்று உலகம் முழுவதும் நூலக அறிவியல் பயிலும் மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை அமையக் கொடுத்துவிட்டார். அதற்குத் தன் மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்தார். 1950-களில் ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை!

பேச்சு தடைபட்ட இருவர், அமைதியான ஒரு தொழிலில் இருந்துகொண்டு, சேர்த்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு வளர்ந்தார்கள். இருவருமே குறை நீங்கட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று உட்காரவில்லை. இதுதான் நான் உங்களிடம் படித்த பாடம். இதற்குத்தான் இந்த நன்றி.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பேச எழுந்தால் எனக்குக் குரல் நடுங்கும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள். ஒரு நாள் பார்வைத்திறன் குறைந்த இளைஞர் ஒருவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குரூப் 4 எழுதப் போவதாகச் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ், சமூக அறிவியல் பாடங்களை யாராவது வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து தந்தால் கேட்டுப் படித்துக்கொள்வேன் என்றார். யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். நல்ல குரல் உள்ள ஆசிரியை ஒருவர், மேடைப் பேச்சில் பரிசு வாங்கிய மாணவி ஒருத்தி என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அப்போது உங்கள் நினைவும் வந்தது. அன்று மாலை நூலகம் மூடும் நேரத்துக்குப் பிறகு, நானே வாசிக்கத் தொடங்கினேன்.

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் மெதுவாக வாசிப்பதால் மனத்தில் நிற்கிறது, நிறுத்தி நிறுத்திச் சொல்வதால் குறிப்பெடுக்க முடிகிறது என்றார் அவர். அந்தப் பதிவுகளைத் தன்னைப் போலப் படிக்கும் நண்பர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்து செய்தி வந்தது. கேட்டவர்கள் என் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாடம் எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். இப்போதும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் பேச எழுந்தால் இன்றும் நடுங்குகிறது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

தன்னம்பிக்கை வந்த பிறகுதான் நல்லது செய்ய முடியும் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். உங்கள் வாழ்க்கை அந்த வரிசையை மாற்றிப் போட்டது. முதலில் செய்வோம், நம்பிக்கை பின்னால் வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை; செய்தது செய்ததுதான். பசித்தவருக்குச் சோறு போட்டவரின் மனத்தில் எவ்வளவு தயக்கம் இருந்தது என்பது சாப்பிட்டவரின் வயிற்றுக்குத் தெரியாது.

உங்களைப் பற்றிச் சொன்னதும் பலர் ஒன்றைச் சொல்வார்கள்: அவருக்கென்ன, குடும்பமா குட்டியா, முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டார், நம்மால் முடியுமா? நியாயமான கேள்விதான். மகளின் கல்லூரிக் கட்டணமும் மாமியாரின் மருந்துச் செலவும் உள்ள வீட்டில் முழுச் சம்பளத்தைக் கொடு என்று யாரும் சொல்ல முடியாது, நீங்களும் சொன்னதில்லை. உங்கள் வழியில் நடக்க எல்லோராலும் முடியாது. உங்கள் தாயார் காட்டிய வழியில் எல்லோரும் நடக்கலாம். பத்தில் ஒரு பங்கு, நாளுக்கு ஓர் உதவி. பத்தில் ஒன்று முடியாத மாதத்தில் நூறில் ஒன்று. பணமே இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். முழுதாகச் செய்ய முடியாது என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் தன்னை நம்பாததன் இன்னொரு முகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிதாகச் செய்யாவிட்டால் மதிப்பில்லை என்ற எண்ணம் அங்கேயும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் நூலகத்தில் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய் செலுத்தினால் நூலகப் புரவலர் ஆகலாம். எங்கள் புரவலர் பலகையில் உள்ள பெயர்களில் பீடி சுற்றும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பெயரெல்லாம் எதுக்குப் பலகையில, படிச்சவங்க பெயரு போடுங்க என்று கூச்சப்பட்டார். பேரன் படித்த இடம் என்று சொல்லிச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தார். உங்கள் கதையை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்போ சரி, போடுங்க என்றார். ஐயா, உங்களால் அந்தப் பலகையில் ஏறிய பெயர் அது. இப்படி நீங்கள் அறியாமலே உங்களால் நடந்தவை எத்தனையோ இருக்கும். அவை எல்லாவற்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எதை நினைத்துக் கூசுகிறீர்களோ எனக்குத் தெரியாது. உங்கள் குரலாக இருக்கலாம், நிறமாக இருக்கலாம், ஆங்கிலம் வராததாக இருக்கலாம், பாதியில் நின்ற படிப்பாக இருக்கலாம். அது தீரும் வரை காத்திருக்காதீர்கள். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் தேவை. அரசு மருத்துவமனை வாசலில் எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் முதியவருக்குக் கூட வர ஆள் தேவை. உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தர ஆள் தேவை. உங்கள் ஊர் நூலகத்துக்குப் புரவலர்கள் தேவை, அதைவிட வாசகர்கள் தேவை. இந்த வேலைகள் எதற்கும் கம்பீரமான குரல் வேண்டியதில்லை. இந்த வாரமே ஒன்றைத் தொடங்குங்கள்.

ஐயா, நீங்கள் நல்ல உடல்நலத்தோடு நீடூழி வாழ வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
ஓர் ஊர்ப்புற நூலகர்